விசிலுக்குத் திரும்பும் கேட்

நாங்க அந்த கேட் வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கு, சாமான் ஏத்திட்டு வந்த லாரிக்காரன் கட்டிலையும் பாத்திர மூட்டையையும் ரோட்டோரமே இறக்கி வச்சிட்டான். வாசல் வரைக்கும் வரமாட்டேன்னுட்டான். "இங்கேயே எடுத்துக்கோங்கக்கா, இருட்டறதுக்குள்ள நான் போகணும்"ன்னான். அப்போ மத்தியான நேரம். இருட்ட இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு. கூலி வாங்கினவன் கட்டிலைத் தூக்கி உள்ள போட்டா கை தேஞ்சா போயிடும்?

வீடுன்னு சொன்னா வீட்டுக்கே கோவம் வரும். ஒரு அறை, ஒரு அடுப்படி, தண்டவாளத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். பூட்டைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டு வாசனை வரும்னு பார்த்தேன். வரலை. வேர்வை வாசனை வந்துச்சு. இப்பத்தான் ஒருத்தர் வேலை முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டிப் போட்ட மாதிரி, இரும்பும் மண்ணெண்ணெயும் கலந்த வேர்வை. தரையை ரெண்டு தடவை கழுவினேன். சுவரைத் துடைச்சேன். போகலை. என் மகதான், "அம்மா, ஒரு நாள்ல எல்லாம் பழகிடும், விடு"ன்னா.

பழகிடுமாம். அதுதான் பயமே.

என் வீட்டுக்காரர் கேட் கீப்பர் இல்ல. எஞ்ஜின் டிரைவர். அதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு காலத்துல இந்தப் பக்கமெல்லாம் குட்டிக் குட்டியா ரயில் கம்பெனிங்க இருந்துச்சு. மரம் ஏத்த ஒன்னு, உப்பு ஏத்த ஒன்னு, ஆலைக்குப் பஞ்சு கொண்டுபோக ஒன்னு. ஒவ்வொன்னுக்கும் எஞ்ஜின்ல ஒரு கலர், ஆளுங்களுக்கு ஒரு தொப்பி, தனியா ஒரு விசில் சத்தம். எங்களதுக்கு சின்ன லைன்னு பேர். மாடு குறுக்க வந்தா நிக்கும், மறந்துட்டு ஓடி வர்றவங்களுக்கும் நிக்கும். நடந்து போறவன் ரயிலை முந்திடுவான்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே. அவர் ஓட்டின காலத்துல ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடிச்சதில்ல.

அப்புறம் பெரிய ரயில்வே வந்துச்சு. முதல்ல உப்பு லைனை முழுங்குச்சு, அடுத்து மர லைன், கடைசியா எங்களை. மாலை போட்டு, கொடி காட்டி, போட்டோ எடுத்துத்தான் முழுங்கினாங்க. அதுல ஒன்னும் குறை வைக்கலை. அடுத்து, தண்டவாளத்தை அகலப்படுத்தறோம்னு பழசைப் பிடுங்கிப் போட்டாங்க. எங்க எஞ்ஜின்களை எடைக்குப் போட்டாங்க. இவர் ஓட்டின எஞ்ஜினை வெட்டும்போது இவரையே பக்கத்துல நிக்க வச்சு, எதைக் கழட்டினா எது விழும்னு காட்டச் சொன்னாங்க. நின்னு காட்டிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழட்டாம படுத்தவர்தான், மறுநாள் வரைக்கும் எழுந்திரிக்கலை. பெரிய எஞ்ஜினுக்கு உன் படிப்பு பத்தாது, வேணும்னா கேட் வேலை இருக்குன்னாங்க. வேணும்னாவாம். நாங்க என்ன, பொழுது போகாமலா வேலைக்குப் போறோம்?

அந்த கேட்டைப் பத்தியும் சொல்லிடறேன். ரெண்டு நீளமான இரும்புக் கதவு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. மண்ணுக்குக் கீழ ஒரு கம்பி ரெண்டையும் சேர்த்திருக்கும். ஒன்னைத் தள்ளினா மத்ததும் கூடவே திரும்பும். ஒரு தள்ளுல ரோடு மூடி தண்டவாளம் திறக்கும். திரும்பத் தள்ளினா தண்டவாளம் மூடி ரோடு திறக்கும்.

சின்ன லைன்ல கேட் எப்பவும் தண்டவாளத்துக்குக் குறுக்கதான் நிக்கும். ரோடு ஊர்க்காரங்களோடது, நாமதான் ஊடால போறோம்னு பழைய முதலாளி சொல்லுவாராம். ரயில் வந்து, நின்னு, விசில் அடிக்கும். கேட் கீப்பர் ரோட்டைப் பார்த்துட்டுத் தள்ளுவார். ரயில் போகும். பெரிய ரயில்வேல எல்லாமே தலைகீழ். கேட் எப்பவும் ரோட்டுக்குக் குறுக்க. ரயில் யாருக்காகவும் நிக்காது. பஸ்ஸோ வண்டியோ வந்து நின்னு ஹாரன் அடிச்சா, ரயில் இல்லைன்னு தெரிஞ்சா மட்டும், திறந்து விடணும். ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துட்டா கேட்டைத் தொடவே கூடாது.

இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். பைக்கை விட்டு இறங்கலை. "விசில் கேட்டா கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அவ்வளவுதான்யா உன் வேலை. உங்க சின்ன லைன் ஆளுங்களுக்கு இதுகூட மண்டையில ஏற மாட்டேங்குது"ன்னார்.

"இதுக்கு முன்னாடி இருந்தவர் என்ன ஆனார் சார்?"னு நான் கேட்டேன்.

அவர் பைக்கைக் கிளப்பிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் முதல் ரயில். வெளிச்சம் மங்கி, தண்டவாளம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்ச நேரம். போன் வந்துச்சு, இவர் கொண்டியைப் போட்டுட்டு வாசல்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னார். தூரத்துல வளைவுக்கு அந்தப் பக்கம் விசில்.

கேட் அசைஞ்சுச்சு.

ஒரு சாண் போய், கொண்டியில இடிச்சு, திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு. அவசரம் இல்லாம, பூட்டின கதவை வீட்டுக்காரனே தள்ளிப் பார்க்கிற மாதிரி.

"காத்து"ன்னார்.

மரத்துல ஒரு இலை ஆடலை. ரயில் தடதடன்னு போய் முடிஞ்சதும் கிட்டப் போய் கேட்டோட கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். பனி விழ ஆரம்பிச்சிருந்துச்சு, இரும்பெல்லாம் ஜில்லுனு இருந்துச்சு. கைப்பிடி மட்டும் சூடா இருந்துச்சு. ஈரமாவும் இருந்துச்சு.

என் மக டவுன்ல ஒரு அச்சாபீஸ்ல வேலை பார்த்தா. காலையில போனா சாயங்கால பஸ்ல வருவா. அந்த பஸ் இந்த கேட்டைத் தாண்டித்தான் வரணும். சாயங்கால ரயிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். முன்னால பின்னால இருக்கும். இதை நான் அன்னைக்குத்தான் யோசிச்சேன்.

மறுநாள் மத்தியானம் கூட்ஸ் வண்டி. இவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். விசில் கேட்டதும் சோத்துக் கையோட எழுந்தார். ரெண்டு கையையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி, காலை அகட்டி ஊனி, காத்தைத் தள்ளினார். பாரம் தள்ளுற தள்ளு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நின்னுச்சு.

"என்னங்க பண்றீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். சோத்துப் பருக்கை ஒட்டின கையை, யாரோ கொடுத்துட்டுப் போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நான் எஞ்ஜின் ஓட்டினவன். என் ஜென்மத்துல கேட் தள்ளினதில்ல"ன்னார்.

தண்டவாளத்துல நடந்து போல்ட் இறுக்கிக்கிட்டுப் போற கீமேன் அண்ணன் ஒருத்தர் தண்ணி கேட்டு வந்தார். அவரும் சின்ன லைன் ஆள்தான். செம்பைக் கையில கொடுக்காம, "முதல்ல சொல்லுங்கண்ணே, இந்த வீட்ல யார் இருந்தா?"ன்னேன்.

"உன் வீட்டுக்காரன் சொல்லலையா தங்கச்சி? அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளாச்சே."

நெட்டைன்னு கூப்பிடுவாங்களாம். சின்ன லைன் காலத்துல இருந்து இதே கேட்ல இருந்தவர். பொண்டாட்டி, புள்ள இல்ல. விசில் அடிச்சா தள்ளுவார், ரயில் போனா திரும்பத் தள்ளுவார், அதுதான் வாழ்க்கை. தூக்கத்துல விசில் கேட்டாலும் எழுந்து போய்த் தள்ளிட்டு வந்து படுத்துக்குவாராம். பெரிய ரயில்வே வந்து கேட்டை மாத்தி நிறுத்திட்டு, பைக்ல உட்கார்ந்தபடியே ஒருத்தர் விதியைச் சொல்லிட்டுப் போனார். புத்திக்குச் சொன்னாங்க. கைக்கு யார் சொன்னா?

ஒரு சாயங்காலம் விசில் கேட்டுச்சு. பழைய கை தானா தள்ளிடுச்சு. ஆனா கேட்தான் இப்போ ரோட்டுக்குக் குறுக்க நிக்குதே. தள்ளினதும் ரோடு திறந்துடுச்சு, தண்டவாளம் மூடிடுச்சு. காத்திருந்த வேன்காரன் வழி விட்டாச்சுன்னு உள்ள வந்தான். வேன்ல இருந்தவங்க யாரும் மிஞ்சலை. அடிபட்ட கேட் திரும்பி நெட்டையையும் கொண்டுபோச்சு.

"குத்தம் முழுக்க அவன்மேலன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த ஆளுங்க யாரும் தங்கலை. கை என் பேச்சைக் கேக்கலைன்னுட்டு ஓடினாங்க. கேட்டை சிக்னலோட சேர்த்துக் கட்டிட்டா, ரோடு திறந்திருக்கும்போது சிக்னல் விழாது, ரயில் தானா நிக்கும். அடுத்த வருஷம் பண்றோம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க"ன்னார் கீமேன் அண்ணன்.

நான் உள்ள போய் வீட்டுக்காரரைப் பிடிபிடின்னு பிடிச்சேன். தெரிஞ்சும் ஏன் சொல்லலை, தெரிஞ்சும் ஏன் வந்தீங்க, நம்ம பொண்ணு தினமும் வர்ற வழி இது. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டார்: "இதை விட்டா வேலையும் இல்ல, வீடும் இல்ல. எங்கம்மா போறது?"

அப்புறம் சொன்னார். "அவன் நல்லவன்மா. நான் எஞ்ஜின்ல இருந்து டீக்குச் சுடுதண்ணி பிடிச்சுக் கொடுப்பேன். கையை ஆட்டிக்கிட்டே நிப்பான், ரயில் மறையற வரைக்கும்."

அன்னையில இருந்து நான் ஒரு வேலை செஞ்சேன். போன் வந்ததும் இவர் கொண்டியைப் போட்டுட்டு உள்ள வருவார். ஜன்னல் கம்பியோட அவர் ரெண்டு கையையும் துண்டால இறுக்கிக் கட்டுவேன். விசில் வரும். கை துண்டை இழுக்கும், கம்பி நடுங்கும். வெளிய கேட் கொண்டியில முட்டும். கொண்டியைத் தூக்க மட்டும் அதுக்கு ஒரு உசிருள்ள கை வேணும் போல. ரயில் போகும், அவிழ்த்து விடுவேன். "கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கை, இப்படிக் கட்டி வைக்க வேண்டியதாப் போச்சே"ன்னு ஒரு நாள் சொன்னேன். அவர் சிரிச்சார். அந்த வீட்ல அவர் சிரிச்சது அந்த ஒரு தடவைதான். மகளுக்கு எதுவும் சொல்லலை. சொன்னா நம்பமாட்டா, நம்பினா தூங்கமாட்டா.

ஒரு நாள் அடைமழை. மத்தியானத்துலயே விளக்கு ஏத்த வேண்டியதாயிடுச்சு. மண்வாசனையெல்லாம் அடங்கி, அந்த வேர்வை வாசனை மட்டும் வீடு பூரா நிறைஞ்சுச்சு. இவர் போனை எடுத்து எடுத்து வச்சார். அதுல சத்தமே இல்ல. மழையில கம்பி எங்கயோ அறுந்துபோச்சு. ரயில் கிளம்பிடுச்சா, கிளம்பலையா, எதுவும் தெரியலை.

பஸ் வந்துச்சு. ஹாரன் அடிச்சுச்சு.

இவர் லாந்தரை எடுத்துக்கிட்டுப் போனார். பஸ் டிரைவர்கிட்ட சொன்னது எனக்கு இங்க நல்லாக் கேட்டுச்சு. "போன் செத்துப்போச்சு. ரயில் எங்க இருக்குன்னு தெரியலை. திறக்கமாட்டேன், இருங்க." அப்படித்தான் சொன்னார். பின்னாடி யார் என்ன எழுதினாலும், அவர் அதைத்தான் சொன்னார்.

விசில் அடிச்சுச்சு. வளைவுக்கு இந்தப் பக்கம். ரொம்பப் பக்கத்துல.

நான் துண்டை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

அவர் கை கொண்டியைத் தூக்குச்சு.

"வேணாங்க."

திரும்பிப் பார்த்தார். முகம் அழுதுச்சு. கை தள்ளிக்கிட்டே இருந்துச்சு.

அவருக்குப் பின்னால ஒருத்தர் நின்னார். நெட்டையா. மழை அவர்மேல தெறிக்கலை. என் வீட்டுக்காரர் கைமேல அவர் கை. அந்த முகத்துல கோவமோ வன்மமோ எதுவும் இல்ல. அதைத்தான் என்னால இன்னைக்கும் தாங்கிக்க முடியலை. வேலையைச் சரியா செய்யற ஒரு மனுஷனோட முகம் அது.

ரோடு திறந்துச்சு. பஸ் உறுமிக்கிட்டு நகர்ந்துச்சு.

நான் கேட் பக்கம் போகலை. பஸ்ஸுக்கு முன்னால போய் விழுந்தேன்னுதான் சொல்லணும். ரெண்டு கையையும் அதோட மூஞ்சியில வச்சுத் தள்ளினேன். பஸ்ஸைப் போய் ஒரு மனுஷி தள்ள முடியுமா? தள்ளினேன். பிரேக் சத்தம் கேட்டுச்சு, முட்டியில இரும்பு இடிச்சுச்சு, நின்னுடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இறங்கறதுக்குத் தயாரா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, என் மக.

எனக்குப் பின்னால கேட் கிறீச்சிட்டுச்சு. அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு. கேட்டை இழுத்துக்கிட்டு இருந்தார், ரோட்டை மூட. விட்டுட்டு ஒதுங்கியிருக்கலாம். பஸ் நின்னுபோச்சுன்னு அவருக்குத் தெரியாது. முதுகைக் காட்டிக்கிட்டு, மகளைக் காப்பாத்தறதா நினைச்சு, இழுத்துக்கிட்டே இருந்தார்.

ரயில் யாருக்காகவும் நிக்காதுன்னு சொன்னேனே. நிக்கலை.

விசாரணை வச்சாங்க. நல்ல காத்தாடி போட்ட அறை. பைக் இன்ஸ்பெக்டரும் இருந்தார், டீ குடிச்சுக்கிட்டு. "சின்ன லைன் பழக்கம் சார், விசில் கேட்டா தள்ளிடுவாங்க"ன்னார். "என் புருஷன் கேட் கீப்பரே இல்ல, அந்தப் பழக்கம் அவருக்கு எங்க இருந்து வரும்? அவர் எஞ்ஜின் ஓட்டினவர்"னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவங்களுக்கு எல்லாரும் ஒன்னுதான். முழுங்கினவனுக்கு வயித்துக்குள்ள போனதுல எது எதுன்னு தெரியுமா? குத்தம் முழுக்க அவர்மேலன்னு எழுதினாங்க. கேட்டை நிமிர்த்தி வச்சாங்க. சிக்னல் அடுத்த வருஷம்னாங்க.

அப்புறம் பெரிய மனசு பண்ணி, செத்தவரோட வாரிசுக்கு வேலைன்னாங்க. அச்சாபீஸ்ல ஆள் குறைச்சு, என் மக வீட்ல இருந்த நேரம். எந்த வேலைன்னு கேக்கறீங்களா? அந்த கேட்டுக்கு வேற யாரும் வர மாட்டேங்கறாங்களே.

அன்னைக்குத்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கதறினேன். காலைப் பிடிக்காத குறை. அவ என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "அப்பா போனதுல நீ ரொம்ப உடைஞ்சுட்டம்மா"ன்னு முதுகைத் தடவி விட்டா. அப்புறம் அவங்க அப்பா கேட்ட அதே கேள்வியைக் கேட்டா. "எங்கம்மா போறது?"

முதல் நாள் சாயங்காலம், தொளதொளன்னு ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு கேட் பக்கத்துல போய் நின்னா. துண்டை எடுத்துக்கிட்டுப் போனேன். சிரிச்சுக்கிட்டே தட்டி விட்டா. ரோட்ல பஸ் வந்து நின்னுச்சு. நான் அதுக்கு முன்னால போய்க் கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். ஜனங்க பைத்தியம்னு பார்த்தாங்க.

விசில் கேட்டுச்சு.

அவ சிரிப்பு நின்னுச்சு. கை கொண்டிக்குப் போச்சு. தூக்குச்சு. கேட் ஒரு சாண் நகர்ந்துச்சு.

அதோட நின்னுச்சு.

அவ தோள் ரெண்டும் உதறுச்சு. கேட் நடுங்குச்சு. முன்னாலயும் போகலை, பின்னாலயும் வரலை. ரயில் எங்க பக்கத்துல காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போய் முடிஞ்சுச்சு.

வெளுத்துப்போய் வந்து என் மடியில விழுந்தா.

"அம்மா, யாரோ என் கைமேல கை வச்சுத் தள்ளினாங்க."

"தெரியும்டி."

"இல்லம்மா. இன்னொரு கையும் இருந்துச்சு. அது இழுத்துப் பிடிச்சுச்சு."

நான் அழலை. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. உசிரோட இருந்தப்போ எடைக்குப் போட்டாங்க, செத்த பிறகும் அவங்களுக்கே வேலை பார்க்கிறார் பாருங்க. மகளுக்காகப் பார்க்கிறார், எனக்குப் புரியுது. ஆனா சம்பளம் இல்லாத அந்த வேலையிலதான் அவங்க ரயிலும் ஓடுது.

இப்போ மழைக்காலம் மறுபடி வந்தாச்சு. வேற வேலை தேடிக்கிட்டே இருக்கோம், கிடைக்கலை. தினமும் சாயங்காலம் அவ கேட் பக்கத்துல நிக்கறா, நான் பஸ்ஸுக்கு முன்னால நிக்கறேன். ரயில் போனதும் அவ கையைப் பிடிச்சுப் பார்ப்பேன், அவளும் ஒவ்வொரு நாளும் சொல்லுவா. தள்ளுறது அப்படியேதான் இருக்காம். களைப்பே கிடையாதாம் அதுக்கு.

நேத்து கேட் பாதி வரைக்கும் வந்துடுச்சு. ரயில் நெருங்கின பிறகுதான் பின்னால போச்சு.

"அம்மா, இழுக்கிற கை இருக்கில்ல"ன்னா, ராத்திரி படுக்கும்போது, விளக்கைப் பார்த்துக்கிட்டே. "அதுக்கு முடியலை போலம்மா. மூச்சு வாங்குது. என் காதுகிட்டயே கேக்குது."